அண்ணனின் வலது கை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவருக்கு வேண்டியவர்கள். அவருடைய வாழ்க்கையை முறையாக எழுதித் தரும்படி அண்ணி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எழுத உட்கார்ந்தால், அதற்கு முன்பே உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று குறுக்கே நிற்கிறது.

காரியத்துக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னீர்கள். "கடைசி நேரத்துல அந்த மோட்டார் சத்தத்த அண்ணன் காதுல கேக்க வச்சியே, அது போதும்ப்பா. நிம்மதியாப் போயிருப்பாரு." தஞ்சாவூர் அத்தை இதைச் சொல்லி அழுதார்கள். என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள்கூடச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். ஓராண்டாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அப்படி நடக்கவில்லை. நடந்தது என்ன என்பது எனக்கும் அண்ணிக்கும் என் மகளுக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டுமே தெரியும். அண்ணியின் சம்மதத்தோடு அதையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் திருவானைக்காவலில் பிறந்தவர். எங்கள் அப்பா பஸ் டிரைவர். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. பாலிடெக்னிக்கில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதை விட்டுவிட்டு, பால்பண்ணைப் பக்கம் பம்ப்செட் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போனார். என் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாட்களில் கை கழுவ நேரமில்லாமல் கிரீஸோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் மீசை சரியாக முளைக்காதவர். கையெழுத்துப் போடும்போது பேப்பரில் விரல் படாமல் பார்த்துக்கொள்வார். என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். இன்று தென்னூரில் ஒரு பள்ளியில் நான் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அவர் முப்பது வயதுக்கு மேல்தான் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் நிவேதாவைத்தான் இருவரும் தூக்கி வளர்த்தார்கள்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுச் சொந்தமாக வேலை பார்த்தார். அவரிடம் வேலை கொடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். சரி பண்ணியாச்சா என்று கேட்டால், ஓட்டிப் பார்க்காமல் "ஆச்சு" என்று சொல்லமாட்டார். போல்ட் எல்லாம் முடுக்கி, துடைத்து வைத்திருப்பார். அப்போதும் "மாட்டியாச்சு. ஓடுதான்னு இன்னும் தெரியாது" என்றுதான் சொல்வார். இதனால் கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்களும் உண்டு.

கொள்ளிடத்தின் நடுவே வாழை போட்டுப் பிழைக்கும் சில குடும்பங்கள் இருக்கும் திட்டு ஒன்று உண்டு. வெயில் காலத்தில் மணலில் நடந்தே போகலாம். முக்கொம்பு அணையிலிருந்து உபரித் தண்ணீர் திறந்துவிட்டால் படகு இல்லாமல் கரைக்கு வர வழியில்லை. அந்தக் குடும்பங்கள் சேர்ந்து, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகையும் அதன் பின்னால் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரையும் வாங்கி வந்தார்கள். வந்த இரண்டாம் மாதமே மோட்டார் நின்றுவிட்டது. திட்டைச் சேர்ந்த மாரிமுத்து அதைச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக் கட்டி அண்ணனிடம் கொண்டுவந்தார். சாக்கைப் பிரித்தபோது உள்ளே இரண்டு கோழி முட்டைகள் இருந்தன.

"என்ன மாரிமுத்து, இது மோட்டாரா, கோழிக்கூடா?"

"ரெண்டும்தாண்ணே. கோழியாவது முட்ட போட்டுச்சு."

அண்ணன் அதற்கு முன் படகு மோட்டாரைத் தொட்டதில்லை. முழுதாகக் கழற்றிப் பரப்பி, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு சரி செய்தார். அதிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த மோட்டார் அவர் பொறுப்பு. கூலி என்று அவர் எதுவும் கேட்டதில்லை. பொங்கலுக்கு ஒரு தார் வாழைப்பழம் வரும்.

அதைப் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி ஆயில் என்று கலக்க வேண்டும். கூடினால் பிளக் கருத்துவிடும், குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். வெள்ளத் தண்ணீர் வண்டலோடு வரும். மோட்டார் அதை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு முறை ஆற்றிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அதை இறக்கி ஓடவிட்டு வண்டலை வெளியேற்ற வேண்டும். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை காத்திருப்பார். "உள்ள கொஞ்சம் தங்குனாலும் பிசினாயிரும்டா" என்பார். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை டிரம்மில் வைத்து ஓட்டுவார். அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அவர் அனுப்பும் ஒரே செய்தி அதுதான்.

"எல்லாரும் சாமி பாட்டு அனுப்புறாங்க, இவன் இரைச்சல அனுப்புறான்" என்று தஞ்சாவூர் அத்தை ஒருமுறை குரல் பதிவு போட்டார்கள்.

"நல்லாக் கேளுங்கத்தை. சுருதி சுத்தமா இருக்கும்" என்று பதில் போட்டார்.

நான் அந்தப் படகில் ஒருமுறைகூட ஏறியதில்லை. நிவேதாவையும் ஏற விட்டதில்லை. அவள் இப்போது சென்னையில் படிக்கிறாள். நாளைக்கு மூன்று முறை போன் செய்து சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று கேட்கிற ஆள் நான். அண்ணன் சிரிப்பார். "உனக்கு டிரம்முல இருக்குற தண்ணியப் பாத்தாலே பயம்டா. ஆத்தப் பத்தி உங்கிட்ட என்ன பேசுறது."

போன ஆடியில் மேட்டூர் நிரம்பப் போகிறது என்று செய்தி வந்தபோது அண்ணன் மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். தண்ணீரை உறிஞ்சும் இம்பெல்லர் தேய்ந்திருந்தது. பெட்ரோல் குழாயும் வெடித்துப் போயிருந்தது. இரண்டையும் மாற்ற வேண்டும். பாதி வேலையில் மூச்சு வாங்குகிறது என்று கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். தென்னூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் மிகவும் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள்.

படுக்கையில் கிடந்த அவருக்கு அந்த மோட்டாரைத் தவிர வேறு கவலை இல்லை. தண்ணீர் வருவதற்குள் அது ஓட வேண்டும். வேறு மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றேன். "தெறந்து கெடக்குறத யார்றா தொடுவா? நீ மாட்டு. நான் சொல்றேன்" என்றார். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத நான், பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போய் வீடியோ அழைப்பில் அவரைக் கூப்பிட்டேன். அண்ணி அங்கே அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொள்வார்கள்.

"பக்கத்துல காட்டு."

"தெரியுதாண்ணே?"

"உன் கட்டைவெரல்தான் தெரியுது. அத எடு. ம். இம்பெல்லரோட எறக்கை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வலது பக்கம்."

"யாருக்கு வலது? உனக்கா, மோட்டாருக்கா?"

நான் யோசித்தேன். அவர் அண்ணியிடம் திரும்பி, "இவன்தான் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றான்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தது எனக்குக் கேட்டது. செவிலியர் வந்து, "பேசுனது போதும் சார், மூச்சு வாங்குது பாருங்க" என்றார்.

"ஒரே ஒரு போல்ட்டு சிஸ்டர்."

மூன்று மாலைகள் இப்படிப் போயின. இத்தனை வயதில் என் அண்ணனோடு நான் அவ்வளவு பேசியது அந்த மூன்று நாட்களில்தான். இம்பெல்லர் மாட்டியாயிற்று, கியர் ஆயில் ஊற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. குழாய் மட்டும் பாக்கி. நான்காம் நாள் அவருக்கு மூச்சுத்திணறல் அதிகமாகித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உள்ளே போன் கொண்டுபோய்ப் பேச முடியாது. மாலை ஐந்து மணிக்கு ஒருவர் பின் ஒருவராகப் பத்து நிமிடம் பார்க்கலாம்.

ஒரு குழாயை மாற்றுவது பெரிய வேலையா என்று நானே மாற்றினேன். பெட்ரோல் டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் அந்தக் குழாயின் நடுவே, கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதை அமுக்கி அமுக்கி விட்டால்தான் பெட்ரோல் மோட்டாருக்கு ஏறும். அதை வெட்டியெடுத்துப் புதுக் குழாயில் சேர்த்து, கிளிப் போட்டு இறுக்கினேன். மோட்டாரை டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தேன். ஓடவில்லை. கார்பரேட்டரில் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டால் ஐந்து நொடி இரையும், நின்றுவிடும். உருண்டையை எவ்வளவு அமுக்கினாலும் அது தொளதொள என்றே இருந்தது. எங்கோ காற்று போகிறது என்று கிளிப்புகளை இறுக்கினேன். மறுபடி இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. மறுநாளும் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து இழுத்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண் மட்டும் என்னைக் கேட்டது. பிறகு வாயாலும் கேட்டார்.

"ஓடுதா?"

அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அதே கணம் ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். "ஓடுதுண்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். செவிலியர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் பையிலிருந்து போனை எடுத்தேன். அதற்கு ஆறு மாதம் முன்பு, தை மாதத்தில் அவரே குடும்பக் குழுவுக்கு அனுப்பிய பதிவைத் தேடி வைத்திருந்தேன். ஆம், படியேறும்போதே தேடி வைத்திருந்தேன். "இன்னைக்குக் காலையில எடுத்தது" என்று சொல்லி அவர் காதருகே வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். உரிந்து போன என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார். "போ. வீட்டுக்குப் போய் சாப்புடு."

நீங்கள் எல்லோரும் சொல்லும் அந்த நிம்மதி இதுதான். அடுத்து அண்ணி உள்ளே போனார்கள். நான் படியிறங்கி வந்து கீழே டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். பேச்சு நின்றது. மாலையில் என்னையும் அண்ணியையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். அண்ணனின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. விரல்கள் மூடின, திறந்தன. மறுபடி மூடின, திறந்தன. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மருந்தின் குழப்பத்தில் சிலருக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்று செவிலியர் சொன்னார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "சும்மா இருண்ணே. மோட்டாரு ஓடுதுண்ணே. எல்லாம் சரியாயிருச்சு" என்றேன். அவர் கை என் பிடிக்குள் இரண்டு முறை அசைந்தது. பிறகு விட்டுவிட்டது.

அடுத்த நாள் காலை அண்ணன் காலமானார்.

மூன்றாம் நாள், கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கப்படுகிறது, கரையோரம் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் மாரிமுத்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். துக்க வீட்டுல வந்து கேக்கக் கூடாது. மோட்டாரு..."

நான் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். ஓடவில்லை என்று முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன். அவரும் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அப்போது பின்வாசல் கதவு திறந்தது. அண்ணி வந்தார்கள். உள்ளேயிருந்து தஞ்சாவூர் அத்தை, "ஏம்மா, பதினாறு நாள் கழியாம வெளிய வரலாமா?" என்று தடுத்தார்கள்.

"தண்ணி எனக்காகப் பதினாறு நாள் நிக்குமா அத்தை?"

அண்ணி நேராக வந்து குனிந்து அந்த ரப்பர் உருண்டையை எடுத்து அமுக்கினார்கள். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு நிறுத்தினார்கள். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த விரல்கள் மூடித் திறந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"தம்பி" என்றார்கள். "இதத்தான் அமுக்கிக் காட்டினாரு."

அண்ணி உருண்டையை என் பக்கம் நீட்டினார்கள். "இது கல்லு மாதிரி ஆகணும். ஆகலன்னா எதோ தப்பா மாட்டியிருக்குன்னு சொல்வாரு. மேல ஒரு அம்பு இருக்கும், பாருங்க. அது மோட்டாரப் பாக்கணும்."

துடைத்துப் பார்த்தேன். ரப்பரில் அம்புக்குறி இருந்தது. அது டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அமுக்க அமுக்கப் பெட்ரோல் வந்த வழியே டேங்குக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டு நாள் கை கிழிய இழுத்தது இதற்காகத்தான். மாரிமுத்து கிளிப்பைக் கழற்றி உருண்டையைத் திருப்பி மாட்டினார். ஏழெட்டு அமுக்கலில் அது இறுகியது. இரண்டாவது இழுப்பில் மோட்டார் ஓடியது. உள்ளே போய்வந்த தண்ணீர் பக்கத்துத் துளை வழியாக டிரம்மின் விளிம்பில் பீய்ச்சி விழுந்தது.

அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரியில போட்டுக் காட்டினது வேற சத்தம், தம்பி. அது தகர டிரம்மு. அது ஓட்டையாப் போயி, சித்திரையில இந்த பிளாஸ்டிக் டிரம்ம வாங்கினாரு."

"அவருக்குத் தெரிஞ்சுதா அண்ணி?"

"நீங்க எறங்கிப் போன ஒடனே சொன்னாரு. 'தகரத்துல தண்ணி விழுது. பழைய சத்தம். ஓடல போலருக்கு. அவன்கிட்ட எதுவும் கேக்காத, ஒடஞ்சிருவான்'னாரு."

மாரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டாரைத் தூக்கினார். அன்று மதியத்துக்குள் திட்டில் இருந்தவர்கள் அனைவரும் ஆடுகளோடு கரை சேர்ந்தார்கள். கரையில் நின்று அதை நான் பார்த்தேன்.

அந்த ஒரு இரவும் பகலும் அண்ணனுக்கு எப்படிப் போயிருக்கும் என்று ஓராண்டாக யோசிக்கிறேன். படுத்தபடியே அந்த மோட்டாரை மனதுக்குள் எத்தனை முறை கழற்றி மாட்டினாரோ. தான் பார்க்காமல் நான் மாட்டியது குழாய் ஒன்றைத்தான் என்று அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்தபோது பேச முடியவில்லை. மிச்சமிருந்த ஒரு கையால் சொல்லிப் பார்த்தார். அந்தக் கையைத்தான் நான் பிடித்து நிறுத்தினேன். முந்தின நாள் மாலையில் "இல்லண்ணே, ஓடல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "அம்பு எந்தப் பக்கம்டா?" என்று கேட்டிருப்பார். நான் முழித்திருப்பேன். ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார். அதைத் தெரிந்துகொண்டு போயிருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் சொன்ன பொய்யை, எனக்காக அவர் காப்பாற்றிக்கொண்டு போனார்.

நிவேதாவிடம் இதைச் சொன்னபோது அவள், "அப்பா, எங்கிட்டயும் நீங்க இப்படித்தான எல்லாத்தையும் மறைக்கிறீங்க" என்றாள். இப்போது அவளிடம் என் சர்க்கரை அளவைச் சொல்லிவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணனை எட்டு நாட்கள் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ஒரே ஒரு போல்ட்டுக்காக விதியைத் தளர்த்திய செவிலியருக்கும் எங்கள் நன்றி. தெரு முழுக்கத் தங்கள் வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொண்ட திருவானைக்காவல் அண்டை வீட்டாருக்கும், பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இலை அறுத்துக்கொண்டு வந்த திட்டுக் குடும்பங்களுக்கும் நன்றி. தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்த மாரிமுத்துவுக்குத் தனியாக நன்றி. மோட்டாரை இப்போது அவரும் அண்ணியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆயில் கலப்பது அண்ணி. அளவு தவறுவதில்லை. என்னை இன்னும் "தம்பி" என்றே அழைக்கும் அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறுதல் சொன்ன உறவினர்கள் அனைவரும் என்னை மன்னிக்க வேண்டும். உங்களிடம் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டியவர் இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அண்ணே, அன்னைக்கு மோட்டாரு ஓடல. உருண்டைய நான்தான் தலைகீழா மாட்டிட்டேன்.